நகையும் எலும்பும் ஒரே பெட்டியில்

ஆங்கிலத்தில் 'காஸ்கெட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நகை, கடிதம், அரிய பொருள்கள் முதலியவற்றை வைக்கும் வேலைப்பாடு மிக்க சிறு பெட்டி என்பது ஒன்று. சவப்பெட்டி என்பது மற்றொன்று. முதற்பொருள் 15ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்குகிறது. இரண்டாவது பொருள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. இன்றும் அது பெரிதும் அமெரிக்க வழக்கே. இங்கிலாந்தில் சவப்பெட்டியைக் 'காஃபின்' என்றே சொல்கிறார்கள். அங்கே 'காஸ்கெட்' என்றால் நகைப்பெட்டி. சாவோடு சேர்த்துச் சொன்னால், எரியூட்டிய பின் சாம்பலை வைக்கும் சிறு பெட்டி.

சொல்லின் பிறப்பு பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போகிறது. சிறு பெட்டியைக் குறித்த 'காசெட்' என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வாயில் திரிந்து காஸ்கெட் ஆனது என்பதே பெரும்பாலோர் கருத்து. பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் 'காப்ஸா' என்னும் லத்தீன் சொல். ரோமானியர் சுருள் நூல்களை வைத்து எடுத்துச்சென்ற உருளை வடிவப் பெட்டிக்கு அதுவே பெயர். 'கொள்', 'பிடி' என்று பொருள்படும் வினையிலிருந்து அது வந்தது. தமிழில் கொள் என்பதிலிருந்து கொள்கலம் வந்ததும் இதே முறையில்தான்.

காப்ஸாவின் வழித்தோன்றல்கள் தமிழர் வாழ்விலும் நிறைய உண்டு. மருந்துக் கடையின் கேப்ஸ்யூல், பயணத்தின் சூட்கேஸ், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடா கேசட், லாரிப் பட்டறையில் 'சேஸ்' என்று சொல்லப்படும் அடிச்சட்டம் எல்லாம் ஒரே குடும்பம். நீதிமன்றத்துக் கேஸ் மட்டும் வேறு குடும்பம். பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்பதும் இங்கிருந்து கிளைத்ததுதான். முதலில் அது பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்குப் பெயரானது. இதில் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதினார்கள். அது பெட்டியிலிருந்து வந்த கேஷ் அன்று, தமிழின் 'காசு'. போர்ச்சுகீசியர் காசைத் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்ற சொல்லின் வடிவில் எழுத, அது ஆங்கிலத்துக்குப் போய் ஏற்கெனவே இருந்த கேஷோடு ஒன்றாகக் கலந்துவிட்டது.

காப்ஸாவின் பிள்ளைகளில் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது 'ஷாஸ்' என்ற பிரெஞ்சுச் சொல். இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் எலும்புகளை வைத்த பெட்டிக்கு அதுவே பெயர். சாய்ந்த கூரை போட்ட சிறு வீட்டைப் போன்ற வடிவம்; மரத்தால் செய்து, மேலே செம்புத் தகடு போர்த்தி, பொன் பூசி, நீலமும் பச்சையுமாக எனாமல் வேலை செய்திருப்பார்கள். பிரான்சின் லிமோஜ் நகரம் இந்த வேலைக்குப் பேர்போனது. 1170இல் கேன்டர்பரி தேவாலயத்துக்குள் வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் திருப்பண்டங்களுக்காக லிமோஜில் செய்யப்பட்ட பெட்டி ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொலைக் காட்சியே அதன் முகப்பில் எனாமலாகத் தீட்டப்பட்டுள்ளது. அருங்காட்சியகம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பெக்கெட் காஸ்கெட்'. அதை நகைப்பெட்டி என்பதா, சவப்பெட்டி என்பதா? வெளியே பொன்னும் நீலமும், உள்ளே இறந்த மனிதன். அமெரிக்கர்கள் இரண்டு பொருளையும் ஒரு சொல்லில் கட்டுவதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெட்டி இரண்டு வேலையையும் செய்துகொண்டிருந்தது.

இந்தியாவில் இந்தக் கலப்பு இன்னும் நெருக்கமானது. பௌத்தத் தூபிகளில் புதைக்கப்பட்ட தாதுப் பேழைகளில் எலும்புத் துண்டுகளோடு மணிகளும் பொன்னும் சேர்த்தே வைக்கப்பட்டன. 1898இல் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பிப்ரஹ்வாவில் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்ற பண்ணை உரிமையாளர் ஒரு தூபியைத் தோண்டினார். அடியில் ஒரு பெரிய கற்பெட்டி, அதற்குள் சிறு கலங்கள், எலும்பும் சாம்பலும், அவற்றோடு ஏறத்தாழ 1800 மணிகளும் பொன் தகட்டுப் பூக்களும் பிற அணிகளும். கலம் ஒன்றில் இருந்த பிராமிக் கல்வெட்டு, அவை புத்தரின் எச்சங்கள் என்றும் அவர் குலத்தினரான சாக்கியர் வைத்தவை என்றும் படிக்கப்பட்டது. எலும்புகள் சயாம் மன்னருக்கு அனுப்பப்பட்டன; மணிகளில் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போனது; ஒரு பகுதி தோண்டியவரின் குடும்பத்திடமே தங்கியது. அந்தக் குடும்பப் பங்கு 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வர இருந்தது. இந்திய அரசு எதிர்த்ததால் ஏலம் நின்றது. ஜூலையில் மணிகள் இந்தியாவுக்குத் திரும்பின. இந்தச் சண்டையின் கரு, பெட்டியின் பொருள் என்ன என்பதுதான். ஏல நிறுவனத்துக்கு அது நகைப்பெட்டி. எலும்பை எடுத்தபின் மிஞ்சியது மணி வியாபாரம். பௌத்தர்களுக்கு அது கல்லறை. எலும்பும் மணியும் ஒரே காணிக்கையின் பிரிக்க முடியாத பகுதிகள். சொல்லின் இரு பொருளையும் பிரித்துப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், பிரிக்க மறுத்தவர்கள் மறுபக்கம்.

இத்தகைய பெட்டிக்குப் பாலியிலும் சமஸ்கிருதத்திலும் கரண்டகம் என்று ஒரு பெயர் உண்டு. கண்டியில் புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள பேழையைச் சிங்களத்தில் 'கரண்டுவ' என்கிறார்கள். பெரஹரா ஊர்வலத்தில் யானை மேல் ஏறிவருவது அதன் மாதிரிப் பேழை. அதே சொல் தமிழில் வெற்றிலைச் செல்லத்துக்குள் போய்ச் சேர்ந்து சுண்ணாம்புக் கரண்டகம் ஆயிற்று. சொற்களின் ஏற்ற இறக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கிறித்தவ உலகில் ஷாஸின் மரபு கோவாவில் வந்து நிற்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் 1552இல் சீனக் கரைக்கு அருகே இறந்தார். அவர் உடல் இன்று பழைய கோவாவின் போம் ஜேசு ஆலயத்தில் ஒரு வெள்ளிப் பேழையில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கோவாத் தட்டார்கள் செய்த பேழை அது. நகை செய்யும் கைகளே சவப்பெட்டியும் செய்தன.

காஸ்கெட் என்ற சொல்லுக்குள் சாவு முதன்முதல் நுழைந்த இடம் ஒரு நாடக மேடை என்று சொல்லலாம். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' 1590களின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. அதில் போர்ஷியாவை மணக்க வருபவர்கள் பொன், வெள்ளி, ஈயம் என மூன்று காஸ்கெட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொராக்கோ இளவரசன் பொற்பெட்டியைத் திறக்கிறான். உள்ளே இருப்பது மண்டையோடு. அதன் கண்குழியில் ஓர் ஏட்டுச் சுருள். ஈயப் பெட்டியில்தான் போர்ஷியாவின் படம். 1913இல் சிக்மண்ட் ஃபிராய்டு இந்த மூன்று பெட்டிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மூன்றாவதாகவும் ஊமையாகவும் இருப்பதே சாவின் உருவம். மனித மனம் அதை மறைத்துக் காதலின் உருவமாக்கிக்கொள்கிறது என்பது அவர் வாதம். வாதத்தை ஏற்கலாம், விடலாம். ஆனால் அவர் சாவைத் தேடி ஈயப்பெட்டிக்குப் போனபோது, அது பொற்பெட்டிக்குள் வெளிப்படையாகவே கிடந்தது.

அந்தச் சொல் மேடையிலிருந்து சவப்பெட்டிக் கடைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதுவரை அமெரிக்காவில் சவப்பெட்டி செய்தவர் ஊர்த் தச்சர். யாராவது இறந்தால் அளவெடுத்து, பலகை அறுத்து, தோளில் அகன்று காலில் குறுகும் ஆறுபக்கப் பெட்டி ஒன்றை அடித்துக் கொடுப்பார். பெட்டியைப் பார்த்தாலே உள்ளே மனிதன் படுத்திருப்பது தெரியும். அதுதான் காஃபின். நூற்றாண்டின் நடுவில் இது தொழிற்சாலைப் பண்டமாக மாறத் தொடங்கியது. 1848இல் ஆல்மண்ட் ஃபிஸ்க் என்பவர் வார்ப்பிரும்பால் ஆன, காற்றுப் புகாத பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். எகிப்திய மம்மியின் வடிவம். முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடிச் சன்னல். அவர் அதற்குக் காஃபின் என்று பெயர் வைக்கவில்லை. 'அடக்கக் கூடு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பழைய சொல்லைச் சொல்லாமல் பொருளை விற்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு வந்தது நாற்கோணப் பெட்டி. தோளும் இல்லை, காலும் இல்லை. நான்கு நேர்ப்பக்கம், மேலே கீல் வைத்த மூடி, உள்ளே பட்டுத்துணி, தலையணை, வெளியே மெருகும் வெள்ளிப்பூச்சுக் கைப்பிடியும். உடலின் வடிவம் முற்றிலும் மறைந்துவிட்டது. நகைப்பெட்டியைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஆகவே நகைப்பெட்டியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. இன்றும் அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வார்கள்: ஆறு பக்கம் என்றால் காஃபின், நான்கு பக்கம் என்றால் காஸ்கெட்.

வடிவம் மட்டுமே காரணம் அன்று. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு வெகுதொலைவில் இறந்தார்கள். உடலை ரயிலில் ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், கெடாமல் பதப்படுத்தும் முறை பரவியது. 1865இல் லிங்கனின் பதப்படுத்திய உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ரயிலில் ஊர் ஊராகக் காட்டப்பட்டபோது நாடு முழுவதும் அந்த முறையைக் கண்ணால் பார்த்தது. பார்ப்பதற்கென்று வைக்கப்படும் உடலுக்கு, காட்சிக்குரிய பெட்டி தேவைப்பட்டது. புதைப்பதற்கு முன் மூடிவைப்பது என்ற பழைய வேலை பின்னுக்குப் போய், திறந்துவைத்துக் காட்டுவது என்ற புதிய வேலை முன்னுக்கு வந்தது. மூடி இரண்டு பாதியாகப் பிரிந்தது. மேல்பாதியைத் திறந்தால் முகமும் மார்பும் மட்டும் தெரியும். நகைக்கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டும் அதே செய்கை.

புதிய சொல் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதோர்ன் 1863இல் வெளியான 'நம் பழைய வீடு' என்ற இங்கிலாந்து நினைவுக் குறிப்பு நூலில் இந்தச் சொல்லைக் கேவலமான புதுமை என்று சாடினார்; இதைக் கேட்டால் புதைக்கப்படவே மனம் கூசுகிறது என்ற அளவுக்கு எழுதினார். ஆனால் வியாபாரம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1906இல் ஜான் ஹில்லன்பிராண்ட், இண்டியானா மாநிலத்தின் பேட்ஸ்வில் ஊரில் இருந்த ஒரு காஃபின் கம்பெனியை வாங்கி, பெயரைக் காஸ்கெட் கம்பெனி என்று மாற்றினார். தொழிற்சாலை அதே ஊரில், அதே மரத்தில்தான் வேலை செய்தது. அது பின்னாளில் நாட்டின் மிகப்பெரிய சவப்பெட்டி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

தொழிலின் மற்றச் சொற்களும் இதே காலத்தில் துடைத்துப் புதுப்பிக்கப்பட்டன. சவ அடக்கம் செய்பவர் 'இறுதிச் சடங்கு இயக்குநர்' ஆனார். 1895இல் மருத்துவரைக் குறிக்கும் சொல்லின் சாயலில் 'மார்ட்டிஷியன்' என்று ஒரு பெயரும் கட்டினார்கள். பிணம் 'எச்சங்கள்' ஆயிற்று. பெட்டிக்கு நகைப்பெட்டியின் பெயர் வந்தபின் விலையும் நகைப்பெட்டியைத் தேடிப் போனது. செம்பு, வெண்கலம், துருப்பிடிக்காத எஃகு என்று தரங்கள். மூடியின் ஓரத்தில் ரப்பர் அடைப்பு வைத்தால் கூடுதல் விலை. 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்டு எழுதிய 'அமெரிக்கச் சாவு முறை' என்ற நூல் இந்தச் சொற்களையும் விலைகளையும் ஒருசேரப் போட்டு உடைத்தது. அந்த நூல் எழுப்பிய சலசலப்பின் தொலைவிளைவாக 1984இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் இறுதிச்சடங்கு விதி நடைமுறைக்கு வந்தது. பெட்டிகளைக் காட்டுவதற்கு முன் விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும். உடலைக் காலாகாலத்துக்கும் கெடாமல் காக்கும் என்று எந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லி விற்றார்கள் என்பதால்தான் விதியே போட வேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் புதைப்பதைவிட எரிப்பதே மிகுதியாகிவிட்டதால், பெரிய காஸ்கெட்டின் வியாபாரம் சுருங்கி வருகிறது.

ஹாதோர்னின் கோபம் தொழிலைப் பற்றியதென்றால் நியாயம். மொழியைப் பற்றியதென்றால் தவறு. அவர் விரும்பிய பழைய காஃபினுக்கும் இதே கதைதான். காஃபினின் மூலம் 'கோஃபினோஸ்' என்ற கிரேக்கச் சொல், பொருள், கூடை. ஏசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபின் மிச்சத்தைப் பன்னிரண்டு கூடைகளில் எடுத்தார்கள் என்று நற்செய்தியில் வரும் இடத்தில் இருப்பது இந்தச் சொல்தான். அது லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து, அங்கிருந்து இரண்டு உருவில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஓர் உருவம் 'காஃபர்': கருவூலப் பெட்டி, அரசின் பணப்பெட்டி. மற்றோர் உருவம் காஃபின். அதுவும் முதலில் பெட்டியையும் கூடையையும்தான் குறித்தது. பிணத்தோடு சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டில். இடையில் சிலகாலம் இறைச்சிப் பணியாரத்தின் மாவுக்கூட்டுக்கும் காஃபின் என்றே பெயர் இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் இரண்டு பொருளும் ஒன்றாகிற கொடூரமான இடம் உண்டு. மனித இறைச்சியை மாவுக்கூட்டுக்குள் வைப்பதைப் பற்றிய பேச்சு அது. ஆக, செல்வத்துக்கு ஒன்று, சவத்துக்கு ஒன்று என்று ஒரே சொல்லை ஆங்கிலம் ஏற்கெனவே ஒருமுறை பங்கு பிரித்திருந்தது. காஸ்கெட் இரண்டாம் முறை.

மூன்றாவது இணையும் இருக்கிறது. 'செஸ்ட்' என்ற பெட்டிச்சொல் கிரேக்கத்தின் 'கிஸ்தே'யிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது சவப்பெட்டியையும் குறித்தது. ஸ்காட்லாந்தில் 'கிஸ்ட்' என்ற வடிவில் இரு பொருளும் நெடுங்காலம் வழங்கின. டச்சு மொழியில் இன்றும் வழங்குகின்றன. தொல்லியலாளர் கற்பதுக்கைக்கு இடும் 'சிஸ்ட்' என்ற பெயரும் அதே சொல்லின் வேல்ஸ் மொழி வடிவம்.

கிரேக்கத்திலேயே 'லார்னாக்ஸ்' என்றொரு சொல் உண்டு. பெட்டி, பேழை, சவக்கலம் எல்லாவற்றுக்கும் அதுவே. ஹோமரின் இலியட் முடியும் இடத்தில் ஹெக்டரின் எலும்புகளைக் கருஞ்சிவப்புத் துணியில் சுற்றிப் பொன் லார்னாக்ஸில் வைக்கிறார்கள். 1977இல் வட கிரேக்கத்தின் வெர்கினாவில் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் அகழ்ந்த மாசிடோனிய அரச கல்லறையில் அதேபோன்ற பொற்பெட்டி கிடைத்தது. மூடியில் கதிர்விடும் விண்மீன், உள்ளே எரிந்த எலும்புகள், பொன்னால் செய்த ஓக் இலை மாலை. கிரேக்கத் தொன்மத்தில் பெருவெள்ளத்திலிருந்து தியுகாலியோன் தப்பியதும் லார்னாக்ஸில்தான்.

யூத மரபில் இந்தப் பொருட்பெருக்கம் இறையியலாகவே வளர்ந்தது. எபிரேய மொழியில் 'அரோன்' என்றால் பெட்டி. பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டிக்கு அதுவே பெயர். ஆதியாகமத்தின் கடைசி வசனத்தில் எகிப்தில் யோசேப்பின் உடல் வைக்கப்படுவதும் அரோனில்தான். யோவாஸ் அரசன் காலத்தில் கோயில் திருப்பணிக்குக் காணிக்கை சேர்க்க மூடியில் துளையிட்டு வைத்த உண்டியலும் அரோன். கடவுள், சவம், காசு மூன்றுக்கும் ஒரே சொல். யூதரின் சமய நூலான தல்மூதில் இதைக் கொண்டு ஒரு கதை உண்டு. பாலைவனத்தில் இஸ்ரவேலர் நாற்பது ஆண்டு அலைந்தபோது இரண்டு அரோன்களைச் சுமந்து சென்றார்களாம்: ஒன்று உடன்படிக்கைப் பெட்டி, மற்றது யோசேப்பின் பெட்டி. வழிப்போக்கர்கள் கேட்டார்கள்: இறந்தவனின் பெட்டி இறைவனின் பெட்டியோடு சேர்ந்து போவது தகுமா? அதில் எழுதியிருப்பதை எல்லாம் இதில் இருப்பவன் வாழ்ந்து நிறைவேற்றினான் என்று பதில் வந்தது. இரண்டு பெட்டிக்கும் ஒரு பெயர் ஏன் என்பதற்கு உலக இலக்கியத்தில் கிடைக்கும் மிக நல்ல விடை இதுவே. அமெரிக்கச் சவப்பெட்டிக் கடைக்காரர் பட்டுத்துணியாலும் மெருகாலும் பெட்டியை உயர்த்தினார். தல்மூது ஆசிரியர் உள்ளே இருந்தவனின் வாழ்வைக் காட்டி உயர்த்தினார்.

எல்லாப் பெயரும் இப்படி உயர்த்துவது அன்று. 'சர்கோஃபகஸ்' என்றால் கிரேக்கத்தில் தசை தின்னி. இன்றைய துருக்கியில் உள்ள அசோஸ் ஊரில் கிடைத்த ஒருவகைக் கல், உள்ளே வைத்த உடலைப் பற்கள் நீங்கலாக 40 நாளில் அரித்துவிடும் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். கல்லின் பெயர் பெட்டியின் பெயராயிற்று. ஜெர்மன் மொழியில் சவப்பெட்டியைக் குறிக்கும் 'சார்க்' அதன் வழிவந்ததே. ஒளிவுமறைவில்லாத சொல், ஆனால் விற்பனைக்கு ஆகாது.

தமிழில் சாவுக்கு முதலில் கைகொடுத்த கலம் சமையலறையைச் சேர்ந்தது. தாழி என்பது தயிர் கடையும் பாத்திரம். மன்னார்குடியில் வெண்ணெய்த்தாழி உற்சவம் இன்றும் நடக்கிறது. அதே பெயர் முதுமக்கள் தாழிக்கும். புறநானூற்றில் குயவனை விளித்துத் தாழி கேட்கும் பாடல்கள் உண்டு. ஒன்றில் இறந்த சோழனின் புகழைக் கொள்ளும் அளவுக்குப் பெரிய தாழி வனைய முடியுமா என்ற கேள்வி, மற்றொன்றில் கணவனோடு தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்லும் ஒரு பெண்ணின் வேண்டுகோள். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. நகையும் எலும்பும் இங்கேயும் சேர்ந்தே இருந்தன. கலத்துக்கு மட்டும் நகைப்பெட்டியின் பெயர் இல்லை.

அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் இக்காலத் தொல்லியலாளர்கள். பல்லாவரம், சாணூர் போன்ற செங்கல்பட்டுப் பகுதி ஊர்களில் கிடைத்த, வரிசையாகக் கால்கள் வைத்த சுடுமண் தொட்டிகளை அவர்கள் ஈமப்பேழை என்றார்கள். கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த ஆட்டுக்கடா வடிவ ஈமப்பேழை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேழை என்பது பழஞ்சொல். பாலியில் கூடையையும் பெட்டியையும் குறிக்கும் 'பேளா' இதற்கு உறவு. விநாயகர் அகவலில் பிள்ளையாரின் வயிற்றுக்கு அடைமொழியாக வருவது இந்தப் பேழைதான். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் நோவாவின் கப்பல் பேழை ஆயிற்று. ஆனால் அதே மொழிபெயர்ப்பு, அரோன் வரும் மூன்று இடத்திலும் பெட்டி என்ற ஒரே சொல்லைப் போட்டது: உடன்படிக்கைப் பெட்டி, காணிக்கைப் பெட்டி, யோசேப்பை வைத்த பெட்டி. ஆங்கிலம் மூன்றுக்கும் மூன்று சொல் போட்டு மறைத்துவிட்ட ஒற்றுமை தமிழில் தெரிகிறது. பின்வந்த மொழிபெயர்ப்பு ஒன்று 'உடன்படிக்கைப் பேழை' என்று உயர்த்தியது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேழை அரசியலுக்குள் வந்தது. 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி ஆகியோர் மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டது சந்தனப் பேழைகளில். பார்வைக்கு வைக்கும்போது கண்ணாடிப் பேழை. ஈழப்போரில் இறந்த போராளிகளைப் பற்றிய எழுத்துகளிலும் பேழை வந்தது. அங்கே பிணம் வித்துடல், இடுகாடு துயிலும் இல்லம். அமெரிக்க வணிகர் 19ஆம் நூற்றாண்டில் செய்த சொல்மாற்றத்தைத் தமிழில் செய்தவர்கள் வணிகர்கள் அல்லர். கட்சிகளும் இயக்கங்களும் பத்திரிகைகளும். நோக்கமும் வேறு: அங்கே விலையை ஏற்ற, இங்கே ஆளை உயர்த்த. ஆனால் விளைவு ஒன்றுதான். தலைவருக்குப் பேழை, மற்றவர்களுக்குச் சவப்பெட்டி என்று செய்தித்தாளின் ஒரே பக்கத்தில் இரண்டு வகைச் சாவு அச்சாகிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பத்திரிகைகள் கைவிடலாம். பேழை என்றால் எல்லாருக்கும் பேழை, பெட்டி என்றால் எல்லாருக்கும் பெட்டி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெட்டியே போதும். பத்துக் கட்டளைகளை வைக்கப் போதுமாயிருந்த சொல் அது.